முதலில் எந்தப் படுக்கைக்கு?
செவிலியரின் தீர்மானமும் நமது சந்திப்பு ஊழியமும்

ஆண்டுதோறும் மே திங்கள் 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாக நினைவுகூரப்படுகிறது. 1820ஆம் ஆண்டில் அந்நாளில் பிறந்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அந்நாளை அடுத்து வரும் ஞாயிறன்று நம் சபைகள் சிலவற்றில் செவிலியரை முன்னே அழைத்து அவர்களுக்காக மன்றாடுகிறோம், பாராட்டியும் பேசுகிறோம். அப்பேச்சுகளில் அன்பு, தியாகம், பொறுமை, புன்னகை ஆகிய சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. கணிப்பு, தீர்மானம், முன்னுரிமை ஆகிய சொற்களைக் கேட்பது அரிது. ஆனால் ஒரு வார்டில் எவர் பிழைக்கிறார், எவர் பிழைக்கவில்லை என்பது பல வேளைகளில் இப்பின்னைய சொற்கள் குறிக்கும் திறனையே சார்ந்திருக்கிறது. அத்திறன் எத்தகையது என்பதையும், நோயாளரைச் சந்திக்கச் செல்லும் ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் அது ஏன் தெரிந்திருக்கவேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயலுகிறோம்.

பக்தி ஒன்றே நல்ல செவிலியத்துக்குப் போதும் என்னும் எண்ணம் திருச்சபைக்குப் புதியதன்று. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரின் போதகரான தியோடர் பிளீட்னரும் அவருடைய மனைவி பிரீடரிக்கேயும் 1836ஆம் ஆண்டில் பெண் உதவிக்காரருக்கான ஓர் இல்லத்தையும் மருத்துவமனையையும் நிறுவினர். ஆதித் திருச்சபையின் பெபேயாளை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த இவ்வியக்கம் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. நைட்டிங்கேல் அம்மையார் 1850இல் அங்குச் சென்று பார்த்தார். மறு ஆண்டு சில மாதங்கள் தங்கிப் பயின்றார். அங்கிருந்த பெண்களின் அர்ப்பணிப்பை அவர் என்றும் மெச்சினார். ஆயினும் அங்கு நிலவிய சுகாதாரமும் நோயாளர் பராமரிப்பும் மிகத் தாழ்ந்த தரத்தில் இருந்தன என்று பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். ஒரே இடத்தைப் பற்றி ஒரே மனிதர் கூறிய இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அன்பு நிறைந்த ஓர் இடத்தில் கவனம் குறைந்திருக்கக்கூடும் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

1859ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வெளியிட்ட செவிலியம் பற்றிய சிறு நூலில் நோயாளரை உற்றுநோக்குதல் பற்றித் தனி அதிகாரமே உண்டு. நோயாளரைக் காணவருவோர் வெறும் நம்பிக்கைச் சொற்களையும் கேளாத அறிவுரைகளையும் வழங்கி அவர்களைக் களைப்படையச் செய்வதைப் பற்றியும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். ஆயர்கள் இதனை ஒருமுறையேனும் வாசிக்கவேண்டும். சற்றுக் கசப்பான மருந்துதான்.

இனி, செவிலியரின் தீர்மானம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம். சென்னைக்கு மேற்கே, இன்று ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய கோவில்பதாகையை எண்ணிக்கொள்வோம். ஏரியை ஒட்டிய பழைய ஊரும், கனரக வாகனத் தொழிற்சாலை முதலிய தொழிற்சாலைகளில் வேலைசெய்வோரும் ஓய்வுபெற்றோரும் குடியேறிய நகர்களும் கலந்த புறநகர்ப் பகுதி அது. இங்கே ஒருவர் நோயுற்றால் குடும்பத்தார் ஆட்டோவில் ஏற்றி ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ கொண்டுசெல்வர். அவ்வாறு சென்று சேரும் ஏதேனும் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டைக் கற்பனைசெய்வோம். பிற்பகல் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர், காலைப் பணியிலிருந்தவரிடம் நோயாளரைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார். அந்நேரத்தில் நான்கு காரியங்கள் ஒருங்கே அவரை அழைக்கின்றன.

முதற்படுக்கையிலுள்ள பெண்ணின் உறவினர், வீட்டுக்கு அனுப்பும் சீட்டு இன்னும் வரவில்லை என்று உரத்த குரலில் முறையிடுகின்றனர். நான்காம் படுக்கையில் சலைன் பாட்டில் காலியாகிவிட்டது. குழாயில் இரத்தம் ஏறுவதைக் கண்டு நோயாளியின் மகள் பதறுகிறாள். ஏழாம் படுக்கையில் முந்திய நாள் வயிற்றில் அறுவை செய்யப்பட்ட பெண் வலியால் முனகுகிறாள். பதினோராம் படுக்கையில் சிறுநீரகத் தொற்றுக் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட 70 வயது மூதாட்டி உறங்குகிறார். காலையில் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் அவர். மதிய உணவு தொடப்படாமல் இருக்கிறது. அவரைக் குறித்து எவரும் எதுவும் கேட்கவில்லை.

அனுபவமுள்ள செவிலியர் பதினோராம் படுக்கைக்கே முதலில் செல்வார். பேசிக்கொண்டிருந்த முதியவர் பேச்சற்றுப்போனது அவருக்கு ஓய்வாகத் தோன்றுவதில்லை; ஒரு செய்தியாகத் தோன்றுகிறது. அருகில் சென்று பெயர்சொல்லி எழுப்புகிறார். மூதாட்டி கண்ணைத் திறக்கிறார். ஆனால் தாம் எங்கிருக்கிறார் என்று சொல்லத் தெரியவில்லை. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார்: 26. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவதே இயல்பு. நாடி விரைந்து ஓடுகிறது, கை சில்லிட்டிருக்கிறது, இரத்த அழுத்தம் காலையில் இருந்ததைவிடத் தாழ்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாததால் ஆறுதல் கொள்வதற்கில்லை. முதியோரிடத்தில் தொற்று முற்றும்போது உடல் சூடு ஏறாமலும் இருக்கலாம், குறையவும் கூடும். மருத்துவர்கள் செப்சிஸ் என்றழைக்கும் நிலை இதுவாக இருக்கலாம் என்று அவர் ஐயுறுகிறார். தொற்றுக்கு எதிராக எழும் உடலின் எதிர்ப்பே கட்டுமீறி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை அது. இங்கே மணிக்கணக்கும் உயிரின் கணக்கே.

மற்ற மூவரையும் அவர் மறந்துவிட்டார் என்று எண்ணவேண்டா. பதினோராம் படுக்கைக்குப் போகும் வழியிலேயே நான்காம் படுக்கையின் சலைன் குழாயை ஒரு விரலால் மூடிவிட்டார். பார்ப்பவரை அஞ்சச்செய்யும் காட்சி அது. ஆயினும் குழாயை மூடிவிட்டால் சிறிது நேரம் காத்திருக்கலாம். பயிற்சி மாணவியை ஏழாம் படுக்கைக்கு அனுப்பி, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, வயிறு பலகைபோல் இறுகியிருக்கிறதா என்று கவனித்து உடனே வந்து சொல்லும்படி பணித்தார். அறுவைக்குப் பின் வலி இயல்பு; ஆனால் மருந்து கொடுத்த பின்னும் கூடிக்கொண்டே போகும் வலி உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாகவும் இருக்கலாம். மாணவி கொண்டுவரும் விடையைப் பொறுத்து வரிசை முழுவதும் மாறக்கூடும். முதற்படுக்கையின் உறவினரிடம், அரைமணி நேரத்தில் வந்து பேசுவதாக ஒரு வாக்கியம் சொன்னார். அவர்கள் முணுமுணுத்தனர்.

இவ்வெடுத்துக்காட்டில் நாம் காண்பது வெறும் வரிசைப்படுத்தலன்று. எதைத் தானே செய்யவேண்டும், எதைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், எது சிறிது காத்திருக்கும், எந்தப் புதிய செய்தி வந்தால் எடுத்த முடிவை மாற்றவேண்டும் என்ற நான்கும் அங்கே ஒரே நடையில் தீர்மானிக்கப்பட்டன. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்று அடிப்படை வரிசை ஒன்று பாடநூலில் உண்டு. அதனை முதலாண்டு மாணவியும் ஒப்பிப்பாள். அவ்வரிசையை நான்கு குரல்களின் நடுவே, குரலே எழுப்பாத ஒருவரிடம் பொருத்திப் பார்ப்பதுதான் கடினம்.

பெருமருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இத்தீர்மானத்துக்கு நிறங்களே அமைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டத்தின்கீழ் வாயிலிலேயே நோயாளரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றனர். முதலில் வந்தவருக்கு முதலில் என்னும் விதி அங்கே செல்லாது. செல்வாக்குள்ளவருக்கு முதலில் என்பதும் செல்லக்கூடாது. நெப்போலியனின் படையில் பணிபுரிந்த லாரே என்னும் அறுவை மருத்துவர், காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சையின் வரிசை அமையவேண்டும், பதவியைப் பார்த்தன்று என்று வற்புறுத்தியதிலிருந்து இம்முறை வளர்ந்தது. போர்க்களத்தில் பிறந்த இந்நெறியில் ஒரு வகையான பட்சபாதமின்மை இருப்பதை இறையியல் மாணவர் கவனிக்கலாம்.

ஆனால் நிறம் பிரிக்கும் மேசை வாயிலில்தான் இருக்கிறது. வார்டுக்குள் வந்தபின், காலையில் பச்சையாக இருந்தவர் மாலையில் சிவப்பாக மாறுவதைக் கண்டுபிடிப்பவர் செவிலியரே. இதற்குத் துணையாக இங்கிலாந்தில் மருத்துவர்களின் அரச கல்லூரி 2012இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, 2017இல் திருத்தியது. மூச்சு, இரத்தத்தில் உயிர்வளி, இரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுவர். மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் ஆனால் அவசர உதவி அழைக்கப்படும். மூச்சு 25 அல்லது அதற்கு மேல் இருப்பின் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். நம் மூதாட்டியின் மூச்சு 26 என்பதை நினைவிற்கொள்க. எல்லா அளவுகளிலும் எண்ணுவதற்கு எளியது மூச்சே. எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஆயினும் எண்ணாமலே 18 அல்லது 20 என்று குறிப்பேட்டில் எழுதிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு.

எண்கள் மட்டும் போதுமா? பற்றீசியா பென்னர் என்னும் அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில், செவிலியர் தொடக்க நிலையிலிருந்து தேர்ச்சி நிலை வரை ஐந்து படிகளில் வளர்கின்றனர் என்று விளக்கினார். தொடக்க நிலையினர் விதியைப் பார்க்கின்றனர்; தேர்ந்தவர் நோயாளரின் நிலையை முழுமையாகப் பார்க்கின்றனர். எதுவோ சரியில்லை என்று அளவுகள் மாறுமுன்னரே அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. இது மாயமன்று; ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணின் நினைவு. அத்தகைய கண்ணைப் பயிற்றுவிக்க நம் மண்ணில் நெடுங்காலமாக உழைத்திருக்கின்றனர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் அங்கே அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. மருத்துவர் சொன்னதைச் செய்பவர் என்பதோடு நில்லாமல், தாமே சிந்தித்துத் தீர்மானிப்பவர் செவிலியர் என்பதை இவ்வுயர்வு ஏற்றுக்கொண்டது.

சிந்திப்பதற்கு நேரம் வேண்டும். 2002ஆம் ஆண்டில் லிண்டா எய்க்கன் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், அறுவை செய்யப்பட்டோர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பதே அது. நம் நாட்டில் பொது மருத்துவமனை வார்டுகளில் 5 நோயாளருக்கு ஒருவர் என்று செவிலியர் மன்றத்தின் நெறிமுறை கூறுகிறது. ஒரே செவிலியர் ஒரு முழு வார்டையும் தாங்கும் இரவுகளோ இங்கே அரியன அல்ல. அத்தகைய இரவில் அவருடைய முகத்தில் புன்னகை இல்லையென்று குறைகூறும் உறவினர், அவர் மனத்துக்குள் எத்தனை படுக்கைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பதை அறியார்.

இன்னொரு தடையும் உண்டு. தீர்மானித்ததைச் சொல்லவேண்டும், சொன்னதைக் கேட்க ஒருவர் வேண்டும். பதினோராம் படுக்கையின் நிலையைத் தொலைபேசியில் மருத்துவருக்கு அறிவிக்கும் செவிலியர், நோயாளி யார், எதற்காகச் சேர்க்கப்பட்டார், இப்பொழுது என்ன கண்டேன், எதை ஐயுறுகிறேன், உடனே வரவேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லப் பயிற்றப்படுகிறார். ஆனால் ஐயுறுகிறேன் என்று ஒரு செவிலியர் சொல்வதே அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதப்படும் இடங்கள் நம்மிடையே உள்ளன. பெண் என்பதாலும், இளையவர் என்பதாலும், சில வேளைகளில் சாதியாலும் அவருடைய சொல்லுக்கு எடை குறைகிறது. அந்த எடைக்குறைவின் விலையைக் கொடுப்பவர் படுக்கையில் கிடக்கும் மூதாட்டி.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைச் செவிலியர் நடுவே வேதபாடமாக எடுத்தால், அவர்கள் எழுப்பக்கூடிய வினாவுக்கு ஆயர்கள் ஆயத்தமாயிருப்பது நலம். யவீருவின் மகள் மரணத்தறுவாயில் இருக்கிறாள். வழியிலே 12 ஆண்டுகளாக உதிரப்போக்குடைய பெண்ணொருத்தி தொடுகிறாள், ஆண்டவர் நின்றுவிடுகிறார். அதற்குள் சிறுமி இறந்தாள் என்ற செய்தி வருகிறது. எந்த வார்டு விதியின்படியும் இவ்வரிசை தவறு. நாள்பட்ட நோய் காத்திருக்கும். சாகும் பிள்ளை காத்திராது. இதற்கு எளிய விடை கூறி நழுவுதல் தகாது. நமக்குத் தோன்றுவது இது: அவர் புறப்பட்டதே சிறுமியின் வீட்டுக்குத்தான், அவசரத்தின் முன்னுரிமையை அவர் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் உதிரமும் தொட்ட மாத்திரத்தில் நின்றுவிட்டது. அவர் நின்றது அவளைப் பேசச்செய்வதற்காக. மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படாத ஒரு தேவைக்காக. அத்தகைய தேவை உண்டென்பதைச் செவிலியர் நன்கறிவர். ஆனால் இறந்த சிறுமியை எழுப்பும் வல்லமை இரவுப்பணிச் செவிலியருக்கு இல்லை. ஆதலால் ஒவ்வொருவரிடமும் நின்று பேசவில்லையென்று அவரைக் கடிந்துகொள்வதற்கு இப்பகுதியை எடுத்தாளுதல் நியாயமன்று. நின்று பேசும் வேலையில் ஒரு பகுதியை நாம் ஏற்றுக்கொள்ளலாம். அதற்குத்தானே சந்திப்பு ஊழியம்.

அதனை ஏற்பதற்கும் சில ஒழுங்குகள் வேண்டும். வார்டுக்குள் நுழைந்ததும் செவிலியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நோயாளியிடம் செல்வது நன்று. திருவிருந்து கொடுக்கச் செல்லும்போது இது இன்றியமையாதது. அறுவைக்கு முன் வாய்வழியே எதுவும் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தப்பட்டவர்கள் இருப்பர். பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். சிறு அப்பத்துண்டும் ஒரு மிடறு இரசமும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவைத் தரக்கூடும். உதட்டை நனைத்தால் போதுமா, நாளைக்கு வரலாமா என்பதைச் செவிலியரிடம் கேட்டறியலாம். மேலும், வாரந்தோறும் ஒருவரைப் பார்க்கும் ஆயருக்கு அவருடைய இயல்பு தெரியும். இந்த அம்மா இன்று என்னை யாரென்று அறியவில்லை என்று அவர் செவிலியரிடம் சொல்லும் ஒரு வாக்கியம், எந்தக் கருவியும் தராத செய்தியாகும்.

செவிலியரே இல்லாத இடத்தில் என்ன செய்வது? உபவாச ஜெபக் கூட்டங்களை இங்கே குறிப்பிடவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் விசுவாசி, காலை மருந்தை உட்கொண்டுவிட்டு உணவை விட்டுவிடுகிறார். நண்பகலில் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சுத் தடுமாறுகிறது, காரணமின்றிச் சினம் எழுகிறது. ஜெபத்தின் உருக்கம் என்றோ, தீய ஆவியின் செயல் என்றோ அதனைக் கருதிச் சுற்றிநின்று சத்தமாக ஜெபிக்கும் அபாயம் நம் சபைகளில் உண்டு. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதன் அடையாளங்கள் இவை. விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்கவேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்கவேண்டும். ஜெபம் தொடரலாம், சர்க்கரை முந்தவேண்டும். உபவாசத்தை அறிவிக்கும்போதே, மருந்து உண்போர் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும் என்று அறிவிப்பது ஆயரின் கடமை.

கோவில்பதாகையின் ஒரு தெருவில் மாலை ஐந்து மணிக்கு மூன்று வீடுகளைச் சந்திக்க ஓர் ஆயர் எண்ணியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுத் தாய், மகனோடு ஏற்பட்ட சண்டையைப் பற்றித் தொலைபேசியில் இருமுறை அழுது அழைத்துவிட்டார். இரண்டாம் வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியவரின் முதுகில் புண் கண்டிருக்கிறது. மூன்றாம் வீட்டில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற, நெடுநாள் நீரிழிவுள்ள ஒருவர். காலைமுதல் வாயுத் தொல்லை, வேறொன்றுமில்லை, நாளைக்கு வந்தால்கூடப் போதும் ஐயா என்கிறார். அவருக்கு வியர்க்கிறதா, நடந்தால் மூச்சு இரைக்கிறதா என்று ஆயர் தொலைபேசியிலேயே கேட்கவேண்டும். நீரிழிவுள்ளோருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றியே வரக்கூடும். ஆம் என்று விடை வந்தால், ஆயர் தம் சைக்கிளையோ ஸ்கூட்டரையோ எடுக்குமுன் குடும்பத்தார் 108ஐ அழைக்கட்டும். அடையாளமான தெருமுனையில் ஒருவர் நிற்கட்டும். வண்டி வரும்வரை அவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து, அருகிலிருந்து சுருக்கமாக ஜெபிக்கலாம்.

பின்னர் இரண்டாம் வீடு. இரண்டு மணிக்கு ஒருமுறை பெரியவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா, புண் ஆழமாகிறதா, நாற்றம் உண்டா என்று கேட்டறிந்து, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருடைய பெயர் பதிவாகியிருக்கிறதா என்று விசாரிக்கலாம். படுத்த படுக்கையானோருக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். இரவும் பகலும் அவரைப் புரட்டிப் புரட்டித் தன் முதுகு ஒடிந்திருக்கும் மருமகளையும் ஒரு வார்த்தை விசாரிக்கவேண்டும். அவரே அவ்வீட்டின் செவிலியர்.

முதல் வீட்டுக்குச் செல்லும்போது இருட்டியிருக்கும். அந்தத் தாய் வருத்தப்படலாம். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். மறுவாரம் அதே தெருவில் வரிசை வேறாக இருக்கக்கூடும். இருமுறை அழுது அழைத்தவர் அவ்வாரம் முழுவதும் ஒருமுறைகூட அழைக்காமலும், ஆராதனைக்கு வராமலும் இருந்திருந்தால், முதலில் தட்டவேண்டியது அவருடைய கதவையே.